வெந்த பாதம் எந்தக் குழு?

அம்பாங்கான் ஆய்வு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கம் தருவது எனக்குக் கைவராத வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதுதான். முப்பது வருடமாக அதைச் செய்தேன், ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்துவதாக இல்லை. ஆகவே ஊக்கம் எதுவும் இதில் கிடையாது. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போங்கள். பிடிக்கவில்லையென்றால் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள். நம் தோட்டத்து ஆட்கள் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு இந்த ஆய்வுக் குழுவுக்கு வந்தேன். பதவியின் பெயர் களப்பணி அதிகாரி என்று மாறியது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு நான் மிஸ்ஸியாகவேதான் இருந்தேன், கடைசி வரைக்கும்.

இந்த வேலையில் இரண்டு பக்கமும் அடி விழும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம், எண்ணெய் தேய்ப்பது, மூச்சுப் பயிற்சி என்றாலே உதட்டைப் பிதுக்குகிற டாக்டர்கள். இன்னொரு பக்கம், இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள். முதல் ஆட்களிடம் நான் கேட்பது, பார்க்காமல் எப்படி இல்லை என்கிறீர்கள்? இரண்டாவது ஆட்களிடம், பார்க்காமல் எப்படி உண்டு என்கிறீர்கள்? இப்படிக் கேட்டுக் கேட்டே இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்துவிட்டது. அதனால் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை.

அப்போது நாங்கள் நடத்திய ஆய்வு இதுதான். நம் லயத்து ஆட்களுக்கு முட்டி வலிக்கு ஒரு டாக்டர், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு இன்னொரு டாக்டர். தூக்கம் வரவில்லை என்றால் கேட்க ஆளில்லை. மனசு சரியில்லை என்று சொன்னால் வயசாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் வலிப்பதும் தூங்காததும் சீனி ஏறுவதும் எல்லாம் ஒரே ஆளுக்குத்தானே? அந்த ஆளை முழுசாகப் பார்த்தால் என்ன? கிளினிக் மருந்தை நிறுத்தாமல், அதோடு சேர்த்து வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்து, மெதுவாகக் கைகாலை நீட்டி மடக்கி, மூச்சை இழுத்து விட்டு, கூடி உட்கார்ந்து பேசினால் ஆள் தேறுகிறாரா? நாங்கள் எடுத்துக்கொண்ட சில தோட்டங்களில் ஒன்று, சுவா ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே மூடிக் கிடந்த பாலர் பள்ளியைப் பெருக்கிப் பாய் விரித்தோம்.

ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் ஆட்களை இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேருக்கு எண்ணெயும் பயிற்சியும் உண்டு. மீதிப் பாதி ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு வழக்கமான கிளினிக் மருந்து மட்டும்தான். மாதம் ஒரு தடவை நாங்கள் போய் வலி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்வோம். யார் எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது.

சரோஜா என்று ஒருவர் இருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அப்புறம் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடி ஷிப்ட் வேலை. ஐம்பத்தெட்டு வயதில் முட்டி இரண்டும் போய்விட்டது, இனிப்பு நீரும் இருந்தது. முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது, கிளினிக் மருந்து தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். இல்லை மிஸ்ஸி என்றார். அவர் சொல்லும்போதே உள்ளே அடுப்பில் ஏதோ இலை கொதித்து, கசப்பு வாசம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“அடுப்புல என்னா?” என்றேன்.

“அது சும்மா லா, மிஸ்ஸி.”

“சும்மா எதுக்குக் கொதிக்கிது?”

“சொன்னா ஏசுவீங்க. கிளினிக்ல ஒரு மிஸ்ஸி அப்படித்தான் ஏசினாங்க. அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் சொல்றதில்ல.”

“யாரு அந்த மிஸ்ஸி?”

சரோஜா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்கதான்,” என்றார்.

எனக்கு அது நினைவே இல்லை. ஏசியவளுக்கு எங்கே நினைவிருக்கும்? அன்றைக்கு அந்த அடுப்பில் இருந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு வார்த்தை ஏசாமல் எழுந்து வந்தேன். சரோஜாவுக்கு என்னைப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான்.

அவருக்குப் பக்கத்து வீடு லெட்சுமி. பத்து வயது இளையவள், தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். சரோஜாவை அக்கா என்று கூப்பிட்டாலும், கூடப் பிறந்தவர்களிடம் கூட அப்படி ஒட்டுதலை நான் பார்த்ததில்லை. குலுக்கலில் லெட்சுமிக்கு எண்ணெய்க் குழு விழுந்தது. சரோஜாவுக்கு விழவில்லை. அதைச் சொல்லப் போனவள் நான்தான்.

“லெட்சுமிக்கு இருக்கு, எனக்கு இல்லையா?”

“கம்ப்யூட்டர் போட்டது அக்கா.”

“எங்க ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரு பலகைதான் இருக்குன்னு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?”

அது கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். அது கேலி இல்லை. எங்கள் ஆய்வில் இருந்த பெரிய ஓட்டையை அவர் விரலை வைத்துக் காட்டினார். படித்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை, எனக்கும்தான். லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்தது பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்காது. பலகாரம், கறிவேப்பிலை, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, எல்லாம் சுவரைத் தாண்டும். எங்களுடையது மட்டும் தாண்டாது என்று எப்படி நினைத்தோமோ தெரியவில்லை.

எண்ணெய்க் குழுவில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே பாதத்தைச் சோதித்தோம். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது. இனிப்பு நீர் ரொம்ப நாளாக இருந்தால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். மரத்துப்போனவர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழே எண்ணெய் தேய்க்கவே மாட்டோம். ஒப்பீட்டுக் குழுவை நாங்கள் சோதிக்கவில்லை. அவர்களுக்கு எதுவும் செய்யப் போவதில்லையே, எதற்குச் சோதனை என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்று. பயிற்சியில் நான் எல்லோருக்கும் சொன்னேன், எண்ணெயைச் சூடு பண்ணாதீர்கள் என்று. ஒரு தடவை சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. நம் ஆட்கள் எண்ணெய் என்றால் காய்ச்சித்தான் தேய்ப்பார்கள். பூண்டு தட்டிப் போட்டு, கற்பூரம் போட்டு, கை பொறுக்கிற சூட்டில். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்றாலும் அப்படித்தான், கால் பிசகினாலும் அப்படித்தான். நானும் அப்படித் தேய்த்து வளர்ந்தவள். எனக்குத் தெரியாதா, சூடு பண்ணாதே என்றால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று? தெரிந்திருந்தும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் கேள்வித்தாளோடு போனேன். சரோஜா வீட்டுப் பின்பக்கம் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால் படிக்கட்டில் சரோஜா உட்கார்ந்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. கீழ்ப்படியில் லெட்சுமி. சரோஜாவின் கால் அவள் மடியில். பள்ளியில் நாங்கள் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, முட்டியைச் சுற்றி, ஆடுசதையைப் பிடித்து, கீழே இறக்கி. என்னைவிட நன்றாகச் செய்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“நான் மட்டும் சொகமா இருந்துட்டு வந்து, அக்கா மூஞ்ச எப்படி மிஸ்ஸி பாக்குறது?” என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “நான் ஒண்ணும் பாக்கல,” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். சரோஜா மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். கேள்வித்தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. லெட்சுமியை நிற்க வைத்து, என்ன எண்ணெய், எப்படிப் போடுகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்பான காரியம்தானே, அதில் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் மதியம் மூன்று மணிக்குப் போனபோது சரோஜா வீட்டில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. காய்ச்சல், அடுத்த வாரம் வாங்க என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். சரியென்று திரும்பியிருப்பேன், ஆனால் வாசலிலேயே எனக்கு அந்த வாடை வந்தது. தாதி வேலை பார்த்தவளுக்கு அழுகின புண்ணின் வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்காமல் உள்ளே போனேன். கட்டிலில் காலைக் கைலியால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். கைலியை விலக்கினேன். இடது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து கிடந்தது, சுண்டுவிரல் கறுத்திருந்தது.

“சுடுதண்ணி கொட்டிடுச்சு, மிஸ்ஸி.”

சுடுதண்ணீர் கொட்டினால் பாதத்தின் மேல்பக்கம் வேகும். இது அடியில் வெந்திருந்தது, விரல் இடுக்கிலெல்லாம்.

“எத்தன நாளாச்சு?”

“அஞ்சாறு நாள் இருக்கும்.”

“வலிக்கலியா?”

“இல்ல. அதான் நானும் பெருசா எடுத்துக்கல.”

காலில் உணர்ச்சியே இல்லை. பத்து நிமிடத்தில் சோதித்திருக்கக்கூடிய கால் அது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லெட்சுமி வந்து வாசலில் நின்றுகொண்டு அழ ஆரம்பித்தாள்.

“எண்ணெயக் காய்ச்சி, துணிய நனைச்சு, கால்ல சுத்தி வெச்சேன் மிஸ்ஸி. என் கைக்குப் பொறுத்துச்சு. அக்காவும் ஒண்ணும் சொல்லல.”

“சூடு பண்ணாதீங்கன்னு நான் சொன்னேன்ல?”

“பள்ளியில அடுப்பு இல்லேன்னு நெனச்சேன். கேஸ் கிடையாதுல்ல அங்க. அதான் நீங்க பச்சையா ஊத்துறீங்க, வூட்டுல ஒழுங்காக் காய்ச்சிப் போடலாம்னு...”

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய உள்ளங்கை, இத்தனை வருட வேலையில் காய்த்துப்போன கை. அந்தக் கைக்குப் பொறுக்கிற சூடு என்ன சூடு என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் காரணம் சொல்லியிருந்தால் அவள் அடுப்பையே பற்ற வைத்திருக்க மாட்டாள். அக்காவுக்கு நல்லதாகச் செய்ய வேண்டும் என்றுதான் காய்ச்சினாள்.

சரோஜா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். “கேப்பாங்க. லெட்சுமி பேரு வரும். போலீஸ் கேஸ் ஆயிடும்,” என்றார். அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் லெட்சுமிதான், “நான் ஜெயிலுக்குப் போறேன்கா, நீ வண்டியில ஏறு,” என்று கத்தினாள். என் காரில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் சரோஜா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார், சுடுதண்ணீர் என்றே சொல்லுங்கள் மிஸ்ஸி, அதோடு போகட்டும் என்று. போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. ஏன் தோன்றாது? சுடுதண்ணீர் என்றால் லெட்சுமி தப்பிப்பாள், ஆய்வு தப்பிக்கும், நானும் தப்பிப்பேன்.

டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். சரோஜா என்னைப் பார்த்தார். காய்ச்சிய எண்ணெயில் நனைத்த துணி, காலில் உணர்ச்சி இல்லை, எங்கள் ஆய்வில் கற்றுக்கொண்டு வந்த ஒருவர் செய்தது, அவர் எண்ணெய் தேய்ப்பது எனக்கு முன்பே தெரியும் என்றேன். லெட்சுமி பெயரைச் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை. ஆய்வில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு, உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். அதைப் பாதி நிரப்பி எடுத்துக்கொண்டு ஆய்வுத் தலைவரிடம் போனேன். பெரிய டாக்டர் என்று சொல்வோம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். கெட்டவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். அறையில் கணக்குப் பார்க்கும் மலாய்க்கார அம்மாவும் இருந்தார். மலாயில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நான் கக் என்று கூப்பிடுவேன். எங்கள் எல்லாருடைய தாள்களையும் எண்ணாக்கி, எது கூடியது எது குறைந்தது என்று சொல்பவர். அதிகம் பேச மாட்டார்.

பெரிய டாக்டர் படிவத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“சிஸ்டர், இவங்க ஒப்பீட்டுக் குழு. நம்ம சிகிச்சை இவங்களுக்குப் போகவே இல்ல. போகாத சிகிச்சையால தீங்குன்னு எப்படி எழுதுவீங்க?”

“போச்சு டாக்டர். பலகைக்கு அந்தப் பக்கத்துலேருந்து போச்சு.”

“அத நாம செய்யல.”

“சொல்லிக் குடுத்தது நாம. பாத்துட்டு வாய மூடிக்கிட்டது நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எத்தன வருஷம் எத்தன பேரு கதவத் தட்டி இதுக்கு அனுமதி வாங்கினேன் தெரியுமா? எங்கம்மா முட்டி வலியோடவே போய்ச் சேந்தாங்க. கேக்க ஒரு ஆளு இல்ல. இப்ப இத அனுப்பினா மேல இருக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? பாத்தீங்களா, எண்ணெய் தேய்க்கிறேன்னு கால வேக வெச்சுட்டாங்கன்னு சொல்லி எல்லாத்தையும் இழுத்து மூடுவாங்க. அந்தம்மாவே சுடுதண்ணின்னு சொல்றாங்க. அவங்க சொன்னத எழுதுங்க, போதும்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மேலே இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பாலர் பள்ளிப் பாயில் உட்கார்ந்து முதல் தடவையாக வாய்விட்டுப் பேசிய பெண்களின் முகம் எல்லாம் எனக்கு முன்னால் வந்தது. சரோஜாவே கெஞ்சுகிறார், டாக்டரும் கெஞ்சுகிறார். நான் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று எனக்கே ஒரு நிமிடம் புரியவில்லை.

அப்போதுதான் கக் வாயைத் திறந்தார். கோபம் எதுவும் இல்லை, காய்கறிக் கடையில் விலை கேட்பது போல மலாயில் கேட்டார்: “அந்த லயத்துல ஒப்பீட்டுக் குழுவுக்கும் வலி குறையுதுன்னு தாள் வருது. ரெண்டு வாரமா நான் அத வெச்சு மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். நீ எழுதிக் குடுக்காதத நான் எங்க போயி எண்ணுவேன்?”

அந்தக் கேள்வியில் என் குழப்பம் போய்விட்டது. நான் வாயை மூடியதால் ஒரு விரல் போனது மட்டும் இல்லை. எத்தனை சுவர்களைத் தாண்டி எண்ணெய் போகிறது என்று யாருக்கும் தெரியாமல், எங்கள் தாள்கள் அத்தனையும் அரைப் பொய்யாகிக்கொண்டிருந்தன. நல்லது நடந்திருந்தாலும் அது கணக்கில் வராது, கெட்டது நடந்தாலும் வராது. இன்னும் எத்தனை வீட்டில் காலில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ?

படிவத்தில் எந்தக் குழு என்று கேட்டு இரண்டு பெட்டி இருந்தது. இரண்டிலும் குறி போடவில்லை. கீழே எழுதினேன்: பெட்டி எதுவானாலும் இந்தத் தீங்கு எங்கள் ஆய்வால் வந்தது. சிகிச்சை அயல்வீடுகளுக்குப் போவது களப்பணி அதிகாரிக்கு ஒரு மாதம் முன்பே தெரியும், அவர் அதைத் தெரிவிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

“இதுக்கப்புறம் உங்கள நான் வெளி வேலைக்கு அனுப்ப முடியாது, சிஸ்டர்.”

“அனுப்பாதீங்க டாக்டர். மறைச்சாதான் நிக்கும்னா இது விழட்டும்.”

விழத்தான் செய்தது. ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். பாலர் பள்ளிக்குப் பழையபடி பூட்டுப் போட்டார்கள். என்னை அம்பாங்கானில் கோப்பு அடுக்கும் வேலைக்குத் தள்ளினார்கள். உங்களில் யாரோ இப்போது உட்கார்ந்திருக்கும் அந்த ஜன்னல் இல்லாத அறைதான். மற்ற தோட்டங்களுக்கு ஆள் அனுப்பி வீடு வீடாகக் கேட்டார்கள். இன்னும் இரண்டு வீட்டில் காய்ச்சிய எண்ணெய். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் என்பாட்டுக்குச் சரோஜா வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்றால் நான் முட்டாள். முதல் சனிக்கிழமை வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“வெரலு போனதுக்கு நான் அழுவல மிஸ்ஸி. நாலு பேரு வந்து உக்காந்து பேசிட்டுப் போற எடத்த மூடிட்டீங்களே. லெட்சுமி இந்தப் பக்கமே வர்றதில்ல. என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறா. நான் சுடுதண்ணின்னுதானே சொன்னேன்? உங்களுக்கு என்னா வந்துச்சு?”

“இன்னும் ரெண்டு வூட்டுல காய்ச்சிக்கிட்டு இருந்தாங்கக்கா. நான் எழுதாட்டி அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்லியிருப்பா?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலை மட்டும் என் பக்கம் நீட்டினார். பதினொரு சனிக்கிழமை அப்படித்தான் போனது.

வருத்தமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எழுதியதற்கு வருத்தம் இல்லை, இன்றைக்குக் கேட்டாலும் எழுதுவேன். அந்தச் சாயங்காலம் மைலோவைக் குடித்துவிட்டு நல்லவள் மாதிரி எழுந்து வந்தேனே, அதற்கு வருத்தம் உண்டு. உங்களிடம் ஆட்கள் அன்பாக இருப்பார்கள். நீங்களும் அன்பாக இருங்கள். ஆனால் அந்த அன்பில் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். ஏசினால் ஒளிப்பார்கள், அது பாதித் தொல்லை. ஏசாமல் சிரித்துக்கொண்டே நாமும் சேர்ந்து ஒளித்தால் அது முழுத் தொல்லை.

பல மாதம் கழித்து மறுபடி அனுமதி கிடைத்தது. இந்த முறை ஒரு லயத்தில் பாதிப் பேர் என்று பிரிக்கவில்லை. லயம் முழுவதும் ஒரே குழு. யாராக இருந்தாலும் முதலில் பாதச் சோதனை. முதல் சுற்றின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். பெரிய டாக்டர் தன் கையாலேயே எழுதினார், சொல்ல முடியாது என்று. அவ்வளவு வருட உழைப்புக்குப் பிறகு அந்த வார்த்தையை எழுத ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்காக அவர் மேல் இருந்த என் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, இருக்கட்டும். உங்களிடமும் வந்து கேட்பார்கள், வேலை செய்கிறதா இல்லையா, ஒன்றைச் சொல் என்று. தெரியாதவரைக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

பள்ளியைத் திறந்த நாள் என்னையும் கூப்பிட்டார்கள். நான் அப்போது எதற்கும் அதிகாரி இல்லை, பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செனாவாங்கிலிருந்து வந்திருந்த புதுப் பெண் பாடம் எடுத்தாள். எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்றாள். காரணத்தையும் சொன்னாள், சுவரில் நரம்புப் படம் ஒட்டி, குச்சியை வைத்துக் காட்டி, நல்ல தமிழில். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். கிளினிக்கில் வருடக்கணக்காகப் பார்த்தது. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பூண்டை உரிப்பார்கள்.

முன்வரிசையில் சரோஜா எழுந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். நாலு விரல்.

“யாராச்சும் வந்து கிள்ளுங்க,” என்றார்.

யாரும் அசையவில்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள்.

“நல்லாக் கிள்ளுங்க லா.” சரோஜா காலைப் பார்க்கவில்லை, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். “கிள்ளிட்டாங்களா? எனக்குத் தெரியல. அன்னிக்கு வெந்தப்பவும் எனக்குத் தெரியல. சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்.”

புதுப் பெண்ணின் கையில் குச்சி அப்படியே நின்றது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான்தானோ என்னவோ. இப்போது ஒருவரும் தலையாட்டவில்லை.

கதவுக்கு வெளியே, வெயிலில், லெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. சரோஜா அவளைப் பார்த்துவிட்டார்.

“அங்க என்னாத்துக்கு நிக்கிற? உள்ள வந்து உக்காரு,” என்றார். பிறகு எங்கள் எல்லார் பக்கமும் திரும்பினார். “யாரு போட்டதுன்னு கேக்காதீங்க. காய்ச்சிப் போடச் சொன்னது நாந்தான்.”

அது உண்மையா என்று அவரிடம் நான் இன்று வரை கேட்டதில்லை. லெட்சுமி செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.